வலி எட்டிலேயே நிற்கிறது. அப்படியானால் சிகிச்சை பலிக்கவில்லையா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கிவிடுகிறேன். ஊர் பாலக்கோட்டுப் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை வீங்கி, ஒரு நாள் சிவந்தும் ஒரு நாள் சில்லிட்டும், முந்தானை பட்டால்கூட எரிகிறது என்கிறார். தர்மபுரியில் பார்த்த டாக்டர் சிஆர்பிஎஸ் என்று எழுதிக் கொடுத்தார், அதாவது அடிபட்ட காயம் ஆறிய பிறகும் அந்தக் கையிலோ காலிலோ அடங்காமல் நிற்கும் வலி நோய். நான்கு மாதமாக மாத்திரையும் பிசியோதெரபியும் நடக்கின்றன. போகும்போதெல்லாம் "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்கிறார்கள், அம்மா ஒவ்வொரு முறையும் "எட்டு" என்கிறார். பலன் இருக்கிறதா, இல்லை நிறுத்திவிடலாமா என்று உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் வாக்குவாதம்.

நான் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி பார்க்கிறவன், இந்த மாதிரிக் கைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நேராகச் சொல்கிறேன், அந்த ஒரு எட்டை வைத்துக்கொண்டு நிறுத்தவும் முடிவு செய்யாதீர்கள், தொடரவும் முடிவு செய்யாதீர்கள். அந்த எண் பொய் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அது எட்டுதான். ஆனால் கை தேறுகிறதா என்ற கேள்விக்கு அது மட்டும் பதில் சொல்லாது.

அதற்கு முன்னால் ஒன்று. சொந்தக்காரர்கள் யாராவது "எலும்புதான் சேர்ந்துவிட்டதே, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே, இன்னும் என்ன நடிப்பு" என்று சொல்லியிருப்பார்கள், சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இது நடிப்பில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் வைர் மிட்செல் என்ற டாக்டர் இந்த எரிச்சல் வலியைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1900-இல் ஜெர்மனியின் சுடெக் எலும்பு, மூட்டுப் பக்கத்திலிருந்து இதையே விவரித்தார். இப்போது புழங்கும் சிஆர்பிஎஸ் என்ற பெயரை உலக வலி ஆய்வுச் சங்கம் 1994-இல் வைத்தது. 2003-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிப் பேசி உருவாக்கிய அளவுகோல்தான் இன்றும் நோயைக் கண்டறியப் பயன்படுகிறது: தொடு உணர்ச்சி, தோலின் நிறமும் சூடும், வியர்வையும் வீக்கமும், அசைவும் முடி நக வளர்ச்சியும் என்று நான்கு வகை, அதில் குறைந்தது மூன்று வகையில் நோயாளி தொந்தரவு சொல்ல வேண்டும், இரண்டு வகையிலாவது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு நோய் எதுவும் இதையெல்லாம் விளக்கக் கூடாது. இதில் எக்ஸ்ரே கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, எட்டுக்கு வருவோம். ஏன் அது அசைய மாட்டேன் என்கிறது?

முதல் காரணம் ரொம்ப சாதாரணம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு, கையை யாரும் இடித்துவிடக் கூடாதே என்று மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, ஓபி வரிசையில் நின்று, அப்புறம் உள்ளே போனவுடன் "எத்தனை வலி" என்று கேட்டால் அந்த நிமிஷத்து வலிதான் வாயில் வரும். போன வாரம் முழுக்க எப்படி இருந்தது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது. அதனால்தான் வலிக்கென்றே உருவாக்கிய பிபிஐ என்ற கேள்வித்தாள் ஒரே எண்ணைக் கேட்பதில்லை. கடந்த 24 மணி நேரத்தில் மிக அதிக வலி எவ்வளவு, மிகக் குறைந்த வலி எவ்வளவு, பொதுவாக எவ்வளவு, இந்த நிமிஷம் எவ்வளவு என்று நான்காகப் பிரித்துக் கேட்கும். வீட்டிலேயே இப்படிக் கேட்டுப் பாருங்கள். அதிகபட்சம் எட்டாகவே இருக்கும், ஆனால் குறைந்தபட்சம் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருக்கலாம். ராத்திரி வலி குறைந்து தூக்கம் வர ஆரம்பித்திருக்கும், அதை யாரும் கேட்காததால் அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது காரணம்தான் வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் போவது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று மாதம் முன்பு அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், வலி எட்டு. இன்று அரைக் குடம் தண்ணீர் தூக்குகிறார், துணியைப் பிழிகிறார், வலி எட்டு. இந்த இரண்டு எட்டும் ஒன்றா? வலி எவ்வளவு பொறுக்க முடியுமோ அந்த எல்லை வரைக்கும் மனிதர்கள் வேலையை இழுத்துக்கொண்டு போவார்கள், குறிப்பாக நம் ஊர்ப் பெண்கள். வேலை கூடும், எண் அப்படியே நிற்கும். வேலையை எழுதி வைக்காமல் வலியை மட்டும் எழுதினால் நான்கு மாத முன்னேற்றம் நோட்டிலேயே இருக்காது.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். எண்ணைக் குறைத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்று நோயாளி யோசிப்பார். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ, வீட்டில் "அதான் சரியாகிவிட்டதே" என்று அடுப்பையும் மாட்டையும் மறுபடி தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். இது ஏமாற்று வேலை இல்லை, தற்காப்பு. இதற்கு நேர் எதிரானதும் உண்டு: சிகிச்சை கொடுக்கிறவரே கேட்கும்போது அவர் மனசு நோகக் கூடாது என்று "பரவால்ல சார், நல்லாருக்கு" என்பது. எங்கள் அறையில் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மருமகளிடம் "ஒண்ணும் கேக்கல" என்பவர்கள் நிறைய. அதனால் முடிந்தால் கேள்வித்தாளைச் சிகிச்சை கொடுக்கிறவர் தவிர வேறு யாராவது கேட்டு நிரப்புவது நல்லது. பெரிய ஆய்வுகளில் அளக்கிறவரையும் சிகிச்சை கொடுப்பவரையும் பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண் எவ்வளவு இறங்கினால் உண்மையான இறக்கம் என்று கேட்டிருந்தீர்கள். ஃபரார் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2001-இல் பல மருந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். "நன்றாகவே தேறியிருக்கிறேன்" என்று நோயாளிகள் தாங்களாகச் சொன்ன இடத்தில், பத்துக்கான அளவில் சராசரியாக 2 புள்ளி, அல்லது தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 30 சதவீதம் இறங்கியிருந்தது. பிறகு வலி ஆய்வுகளை எப்படி அளப்பது என்று விதி வகுக்கும் இம்பாக்ட் குழுவும் 30 சதவீதத்தை நடுத்தரமான முன்னேற்றம் என்றும் 50 சதவீதத்தைக் கணிசமான முன்னேற்றம் என்றும் எடுத்துக்கொண்டது. ஆக எட்டு ஏழானால் அதைக் கொண்டாட வேண்டாம், ஏழு எட்டானால் அழவும் வேண்டாம். எட்டு ஐந்தரைக்கு வந்தால் கவனியுங்கள். பூஜ்யம்தான் வேண்டும் என்று நின்றால் நாள்பட்ட வலியில் எந்தச் சிகிச்சையுமே தோற்றதாகத்தான் தெரியும்.

இனி எதை அளப்பது என்பதற்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது பிஎஸ்எஃப்எஸ் என்ற முறை, 1995-இல் கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டு குழுவினர் வெளியிட்டது. காசு வேண்டாம், கருவி வேண்டாம். அடிபட்டதால் செய்ய முடியாமல் போன மூன்று முதல் ஐந்து வேலைகளை நோயாளியே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண்: சுத்தமாக முடியவில்லை என்றால் பூஜ்யம், அடிபடுவதற்கு முன் எப்படிச் செய்தாரோ அப்படியே முடிகிறது என்றால் பத்து. வலியளவுக்கு இது தலைகீழ், இதில் எண் ஏறினால் நல்லது. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், அவர் வாயிலிருந்து வரட்டும். நம் பக்கத்து அம்மாக்களிடம் கேட்டால் முதலில் வருவது களி. ராகிக் களியைத் துடுப்பால் கிண்டுவதற்கு மணிக்கட்டில் எவ்வளவு பலம் வேண்டும் என்பது கிண்டியவர்களுக்குத்தான் தெரியும்: இரண்டு கையாலும் துடுப்பை இறுக்கிப் பிடித்து, மாவு கட்டி தட்டாமல் பானையின் அடிவரைக்கும் அழுத்திச் சுழற்ற வேண்டும், ஆவி வேறு கையில் அடிக்கும். பிடிப்பு, திருப்பல், அழுத்தம், சூடு, ஒரு மணிக்கட்டைச் சோதிக்க வேண்டிய நான்கும் அந்த ஒரு வேலையில் இருக்கின்றன. நான் எந்தப் பரிசோதனையைச் செய்தாலும் இவ்வளவு தகவல் கிடைக்காது. அடுத்து புளி தட்டி ஓடும் கொட்டையும் எடுப்பது, மாசி பங்குனியில் அதுதானே வீட்டு வருமானம். அப்புறம் தலை பின்னுவது, வலது கையால் பிசைந்து சாப்பிடுவது.

உதாரணத்துக்கு எண் போட்டுக் காட்டுகிறேன். இன்றைக்குக் களி 2, புளி 1, தலை பின்னுவது 3, சாப்பிடுவது 4. கூட்டினால் 10, சராசரி இரண்டரை. ஆறு வாரம் கழித்து அதே நான்கு வேலைகள், அதே கேள்வி: 4, 3, 6, 7. கூட்டினால் 20, சராசரி 5. இந்த முறையில் சராசரி 2 புள்ளியாவது மாறினால்தான் உண்மையான மாற்றம், ஒரே ஒரு வேலையை மட்டும் பார்த்தால் 3 புள்ளி மாற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே இரண்டரை ஏறியிருக்கிறது. வலி அப்போதும் எட்டு என்றே அம்மா சொல்லலாம், ஆனால் இப்போது உங்கள் தம்பிக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் முறை கேட்கும்போது பழைய எண்ணை முதலிலேயே காட்டாமல், அவர் சொன்ன பிறகு காட்டுவது என் வழக்கம். முதலில் காட்டினால் அதற்கு ஏற்றபடி சொல்வார்கள்.

அச்சடித்த கேள்வித்தாள்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கலாம். கைக்கு டாஷ், 30 கேள்வி. அதன் சின்ன வடிவம் குயிக் டாஷ், 11 கேள்வி. மணிக்கட்டுக்கென்றே பிஆர்டபிள்யூஇ என்று 15 கேள்வி. நல்ல கருவிகள்தான், உலகம் முழுக்க ஒப்பிட உதவுகின்றன. ஆனால் எங்கோ எழுதியவை. குயிக் டாஷில் கோல்ஃப், டென்னிஸ் ஆடுவது பற்றிக் கேட்பார்கள், கத்தியால் உணவை வெட்டுவது பற்றிக் கேட்பார்கள். மணிக்கட்டுத் தாளில் டாய்லெட் பேப்பர் வருகிறது. காரிமங்கலத்திலிருந்து வந்த பாட்டியிடம் இதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது: குயிக் டாஷில் 11-இல் 10 கேள்விக்காவது பதில் இருந்தால்தான் மதிப்பெண் செல்லும். இரண்டை "நமக்குப் பொருந்தாது" என்று விட்டுவிட்டால் தாளே வீண். கேட்கிறவர் ஒவ்வொரு முறையும் வாய்க்கு வந்தபடி தமிழில் மாற்றிச் சொன்னாலும் வீண்தான், ஏனென்றால் போன மாதம் கேட்ட கேள்வி வேறு, இந்த மாதம் கேட்ட கேள்வி வேறு. என்ன வாசகம் வைத்தீர்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கையையும் அளக்க வேண்டும். வாய்ச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். பிடிபலத்துக்கு ஜமார் என்ற கருவி இருக்கிறது, பெரிய மையங்களில் இருக்கும். இல்லாத இடத்தில் முள் வைத்த பிபி மெஷினே போதும்: பட்டையைச் சுருட்டிக் கட்டி 20 வரை காற்றடித்து, முழங்கையை மடக்கி உடம்போடு வைத்துப் பிடிக்கச் சொன்னால் முள் எதுவரை ஏறுகிறது என்று பார்க்கலாம். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள், இடது கையையும் பாருங்கள். ஒரே மெஷின், ஒரே நேரம். விரல்களை மடக்கச் சொல்லி விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். இது கூச்சமில்லாமல் உண்மை சொல்லும் அளவு. வீக்கத்துக்கு நாங்கள் டேப்பை எட்டு வடிவில் சுற்றி அளப்போம், ஆனால் வீட்டில் அதைவிட எளிது வளையல். பழைய கண்ணாடி வளையல் எந்த விரல் முட்டி வரைக்கும் போகிறது, மணிக்கட்டைத் தாண்டுகிறதா என்று தேதியோடு குறித்து வையுங்கள். எரிச்சல் அதிகமுள்ள நாளில் வற்புறுத்திப் போடாதீர்கள், வலி கிளம்பிவிட்டால் இரண்டு நாளைக்கு அடங்காது. இரண்டு கைக்கும் சூடு எவ்வளவு வித்தியாசம் என்று கோவிட் காலத்தில் வாங்கிய அந்தத் துப்பாக்கி தெர்மாமீட்டரிலேயே பார்க்கலாம், 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் புடாபெஸ்ட் அளவுகோலே அதைக் கணக்கில் எடுக்கும். டாக்டர்கள் இப்படிப்பட்ட அறிகுறிகளை 16 புள்ளிக்குக் கூட்டிப் போடும் தீவிர மதிப்பெண் ஒன்றும் இருக்கிறது, அடுத்த முறை அதைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மனசைப் பற்றிச் சுருக்கமாக. சிஆர்பிஎஸ் ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று 2017-இல் காம்பாக்ட் என்று ஒரு தொகுப்பு வெளியானது. அதில் வலியோடு தூக்கம், களைப்பு, மனச்சோர்வு, "வலி இருந்தாலும் என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அந்த நம்பிக்கையை அளக்கவே பத்துக் கேள்வி, 60 மதிப்பெண் கொண்ட தாள் ஒன்று தனியாக உண்டு. என் அனுபவத்தில் முதலில் ஏறுவது அதுதான், கை அப்புறம் பின்னாலேயே வரும். "இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருக்கிறது" என்று அம்மா சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள், உயிரே வேண்டாம் என்கிற பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது தம்பிக்காகக் கொஞ்சம். அவர் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த நோயில் முதல் வருஷத்தில் பலருக்குத் தானாகவே ஓரளவு இறங்கும். அது போக, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது வைத்தியரைத் தேடி ஓடுவோம். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே வரும், அன்றைக்கு எதைத் தடவியிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். எண்ணெய்க் கட்டுக்கும் சரி, விலை உயர்ந்த ஊசிக்கும் சரி, எங்கள் பிசியோதெரபிக்கும் சரி, இது பொருந்தும். ஒரு நல்ல நாளையும் ஒரு கெட்ட நாளையும் ஒப்பிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வாரத்தில் மூன்று நாள் அளந்து சராசரி எடுத்து, ஐந்தாறு வாரம் கழித்து அதே மாதிரி எடுத்தால் ஏதோ பேசலாம். நடுவில் மாத்திரை மாறியதா, விசேஷம் வந்து வேலை கூடியதா என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், இந்தக் கைக்கு அது ஆகாது.

காலில் இதே மாதிரி வலி உள்ளவர்களும் படிக்கக்கூடும். உங்களுக்கு எல்இஎஃப்எஸ் என்று 20 கேள்வி, 80 மதிப்பெண், 9 புள்ளி மாறினால் கணக்கில் எடுக்கலாம். அதிலும் பாத் டப்பில் இறங்கி ஏறுவது இருக்கிறது, தரையில் சம்மணம் போட்டு எழுந்திருப்பது இல்லை. அதை நீங்களே சேர்த்துத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள் என்பதும் நல்ல அளவு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. ஒரு கை மட்டும் இல்லாமல் இடுப்பு, கழுத்து, முட்டி எல்லாம் வருஷக்கணக்காக இறுகி வலிக்கிறது, சின்ன வயதிலிருந்து போர்வெல் தண்ணீர்தான் குடித்தோம், பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது என்றால் அது தண்ணீரில் அதிகமாக இருக்கும் ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் நோயாக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருப்பது சும்மா இல்லை. அதற்கு எளிய சோதனை மூன்று: முட்டி மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா, கைகளை விரித்து மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா. முடியாவிட்டால் உடனே ஃபுளோரோசிஸ் என்று அர்த்தமில்லை, டாக்டரிடம் அந்தக் கோணத்தில் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அங்கே எதிர்பார்ப்பும் வேறு, அளக்கும் கால இடைவெளியும் வேறு.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? அந்த நான்கு வேலையின் மதிப்பெண், 24 மணி நேர வலியின் நான்கு எண்கள், விரல் இடைவெளி, பிடிபலம், எத்தனை மணி நேரத் தூக்கம், இவ்வளவுதான், ஒரு பக்க நோட்டு. கூடவே "சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வி: ரொம்ப நன்றாக, நன்றாக, கொஞ்சம் நன்றாக, அப்படியே, கொஞ்சம் மோசம், மோசம், ரொம்ப மோசம் என்ற ஏழில் ஒன்று. ஆறு வாரம் கழித்து வேலை மதிப்பெண் 2 ஏறி, அம்மாவும் "நன்றாக" என்றால் எட்டைப் பார்க்காமல் தொடருங்கள். விரல் இடைவெளி குறைந்து பலமும் ஏறி, வேலை மட்டும் ஏறவில்லை என்றால் கை தயாராக இருக்கிறது, பயம்தான் தடுக்கிறது, பயிற்சியை மாற்ற வேண்டும். வேலை, பலம், தூக்கம், அவர் சொல் எதுவுமே அசையவில்லை என்றால் அதே சிகிச்சையை இன்னும் நான்கு மாதம் இழுப்பதில் அர்த்தமில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு வலி சிகிச்சை நிபுணரிடம் போங்கள். நிறுத்திவிட்டு வீட்டில் உட்காருவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அசையாத கை இறுகிப்போகும்.

பாலக்கோட்டிலிருந்து அடிக்கடி வர முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். வருகிறவரிடம் நோட்டைக் கொடுத்து அவர் கையாலேயே அளந்து எழுதச் சொல்லுங்கள், நீங்கள் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் தெரிந்துவிடும். கை திடீரென்று பலமாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல்கள் நீலம் பாரித்து மரத்துப் போனாலோ நோட்டையெல்லாம் மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.